மதகுக் கல்லில் இல்லாத எழுத்து

ஓடிப்போகவில்லை. எத்தனை தரம் கேட்டாலும் பதில் அதுதான். பீட்டர் மகள் ஷாரோன் எவனுடனும் ஓடிப்போகவில்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு மங்கம்மா ஆயிரம் சொல்லட்டும்.

“பையும் கையுமா போனத என் கண்ணால பாத்தேன். வயசுப் பொண்ணு சும்மாவா வூட்ட வுட்டுப் போவும்? எவனோ கீறான்” என்கிறாள் மங்கம்மா.

பார்த்தது பையைத்தானே? பையைப் பார்த்தவள் எவனைப் பார்த்தாள்? கேட்டால், “பாக்கணுமா இன்னா, தெரியாதா?” என்கிறாள். ஷாரோன் எழுதியதைப் பொய் என்று சொல்கிற வாய், தான் சொல்வதற்கு மட்டும் என்ன பெயர் வைக்கும்? அவளாவது ஒரு வரி எழுதுவதற்குள் மூன்று வரியை அழித்தாள்.

அந்தப் பெண் தப்பே செய்யவில்லை என்று சொல்லவில்லை. செய்தாள். செய்த தப்புக்கு அவளைப் பேசுங்கள், கேட்டுக்கொள்ளலாம். செய்யாததற்குப் பேசினால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. ஆகவே உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள்.

மானாம்பதி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் முதலில் ஏரி, அப்புறம் ஊர், ஊரைத் தாண்டிக் காலனி. பீட்டருக்கு நடவு, அறுப்பு. அது இல்லாத நாளில் வெள்ளையடிக்கிற வேலை. அவன் பெண்டாட்டி திலகாவுக்கு நூறு நாள் வேலை. ஒரே மகள் ஷாரோன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில், ஃபோனுக்குள் வைக்கிற பொடிப் பொடி சாமான்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பாள். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் மற்றப் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிவிடுவார்கள். ஷாரோன் மட்டும் கட்டைவிரலால் தன் ஃபோனில் எழுதிக்கொண்டே போவாள். எழுதியதைக் கதை படிக்கிற ஆப் ஒன்றில் போடுவாள். அங்கே அவளுக்கு ‘ஏரிக்கரையாள்’ என்று பெயர். அது இவள்தான் என்று பெற்றவர்களுக்கே தெரியாது.

என்ன எழுதினாள்? காதல் கதை இல்லை, பேய்க் கதையும் இல்லை. நடந்துபோன ஒன்று வேறு மாதிரி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், அதை எழுதினாள். வெள்ளைக்காரன் கப்பல் புயலில் திரும்பிப் போயிருந்தால்? பாலாற்றில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால், இந்தப் பக்கத்தில் கல்யாணத்தை எந்த மாதம் வைப்பார்கள்? இப்படி.

இந்த யோசனை வந்தது பள்ளிக்கூடத்தில். உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்ட டீச்சர் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஓலையில் பேரெழுதிக் குடத்தில் போட்டு ஆளெடுத்த ஊர் நம்முடையது, உலகமே வந்து பார்க்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஷாரோன் கையைத் தூக்கினாள்.

“மிஸ், எங்க தெருக்காரங்க பேரு அந்தக் குடத்துல இருந்திருக்குமா?”

டீச்சர் நல்லவர். பொய் சொல்லவில்லை. “குடத்துல பேரு போட சொந்த நிலம் வேணும்மா. சொந்த மனையில வீடு வேணும்” என்றார்.

பிள்ளைகள் ஐஸ் வாங்கப் போய்விட்டார்கள். இவள் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு வரி மட்டும் அங்கே இல்லாமல் இருந்தால்?

வளர்ந்து, வேலைக்குப் போய், அந்தக் கதையை எழுத ஆரம்பித்தாள். இந்த மாதிரிக் கதைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தாள். மாற்றுவது ஒன்றைத்தான். ஒன்றை மாற்றிவிட்டு, மற்றதெல்லாம் அதனால் எப்படி எப்படி நகரும் என்று பின்னாலேயே போக வேண்டும். அந்தக் கதையில் கல்தச்சனுக்குக் காய்ச்சல். சொந்த நிலம் வேண்டும் என்கிற அந்த வரி விடுபட்டுப்போகிறது. அடுத்த தரம் குடத்தில் மடை திறக்கிறவர்கள் பேரும் விழுகிறது. நங்கை என்கிற மடைக்காரி ஏரி வாரியத்துக்கு வருகிறாள். வந்தவுடன் எல்லாம் நல்லதாகிவிடவில்லை. அவளோடு சமமாக உட்கார மாட்டேன் என்று பாதிப் பேர் எழுந்து போகிறார்கள். நங்கை புருஷனே அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெரிய பொய்யைச் சொல்கிறவள் சின்ன விஷயத்தில் ஏமாற்றக் கூடாது என்பாள் ஷாரோன்.

அந்தச் சின்ன விஷயத்திலும் ஒரு தரம் மாட்டிக்கொண்டாள். நங்கை மிளகாய் கிள்ளிப் போட்டுக் குழம்பு வைப்பதாக எழுதியிருந்தாள். எங்கேயோ இருக்கிற ஒருவர், ‘அந்தக் காலத்தில் மிளகாய் நம் நாட்டுக்கே வரவில்லை அம்மா’ என்று கீழே எழுதிவிட்டார். பஸ்ஸிலேயே ஷாரோனுக்கு முகம் சுட்டது. அன்றைக்கு அடுப்படியில் சும்மா கேட்கிற மாதிரி அம்மாவிடம் கேட்டாள்.

“மிளகா இல்லாம கொயம்பு வெக்க முடியுமாம்மா?”

“முடியும். உங்கப்பன் துன்னுவானான்னு கேளு” என்றாள் திலகா.

மிளகாயை எடுத்துவிட்டு மிளகு போட்டாள். இது திருத்திய தப்பு. திருத்தாத தப்பு இனிமேல் வருகிறது.

கதையின் தலையில் அவள் ஒரு வரி வைத்திருந்தாள்: ‘இது நடக்கவில்லை. நடந்திருக்கலாம்.’ ஒருத்தி எழுதினாள், ‘அந்த வரி வாசலில் போலீஸ்காரன் மாதிரி நிற்கிறது அக்கா, உள்ளே நுழையவே மனசு வரவில்லை’ என்று. ஷாரோன் யோசித்தாள். எழுதுகிறவர்களுக்கு ஓர் ஆசை இருக்கும் போல. படிக்கிறவன் நம்பிவிட வேண்டும், ஒரு நிமிஷமாவது. அந்த வரியை எடுத்துவிட்டாள். அதோடு விட்டாளா? நம்ப வைக்கக் கண்ணால் பார்க்கிற பொருள் ஒன்று வேண்டும் என்று மதகுக் கல்லைக் கதைக்குள் கொண்டுவந்தாள்.

ஏரி மதகுக்குப் பக்கத்தில் காலனிப் பெண்கள் துணி துவைக்கிற பலகைக் கல் ஒன்று உண்டு. கதையில், ஏரி வெட்டிய ஜனங்களுக்கு வடக்கு மேட்டை மனையாகக் கொடுக்கிறாள் நங்கை. அதைக் கல்லில் வெட்டி மதகில் நடுகிறாள். பிற்காலத்தில் பொறுக்காதவர்கள் அதைக் குப்புறத் தள்ளிவிடுகிறார்கள். ‘எழுத்து மண்ணைப் பார்த்துக் கிடக்கிறது. அதன் முதுகில்தான் இன்றைக்கும் நம் பெண்கள் துணி துவைக்கிறார்கள்’ என்று முடித்தாள். முடித்தபோது அவளுக்கே மயிர் கூச்செறிந்தது.

அந்த வடக்கு மேட்டில்தான் காலனி இருக்கிறது. மனைப் பட்டா கேட்டு இந்த ஜனங்கள் மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது. மனு எழுதுகிற பிள்ளை செந்தமிழன். அவன் ஃபோனுக்கு அந்தக் கதை யார் யார் கையிலோ சுற்றி வந்து சேர்ந்தது. வரும்போது அது கதையாக வரவில்லை. ‘நம் ஏரி வரலாறு, அனைவருக்கும் பகிரவும்’ என்று தலைப்போடு வந்தது. அவன் உத்திரமேரூர் பஜாரில் குத்புதீன் பாய் ஜெராக்ஸ் கடையில் அதைப் பிரிண்ட் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று உரக்கப் படித்தான். இன்று குழாயடியில் பேசுகிற மங்கம்மாவும் அங்கேதான் இருந்தாள். முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்.

ஷாரோனுக்கு அன்று கம்பெனியில் ஓவர்டைம். மத்தியானம் வீட்டுக்குள் கால் வைத்ததும் பீட்டர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான். அவன் முகம் அப்படி வெளிச்சமாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

“குந்து பாப்பா. உனுக்கு ஒரு சேதி. நம்ம மதகுக் கல்லு கீதே? அதுக்குக் கீய எளுத்து கீதாம். இந்த மேடு நம்மளுதுதானாம். நங்கைன்னு ஒரு பொம்பள எய்திக் குட்த்துட்டுப் போயிருக்கா.”

தன் கதையைத் தகப்பன் வாயால் கேட்டாள். நங்கையின் புருஷன் கோபித்துக்கொண்ட இடத்தில் பீட்டர் சிரித்தான். கல்லைத் தள்ளின இடத்தில் பல்லைக் கடித்தான். பிறகு சொன்னான்:

“எனுக்கு அப்பவே தெரியும் பாப்பா. எங்க ஆயா சொல்லும், அந்தக் கல்லுல கால வெக்காத, அதுக்கு அடியில சேதி கீதுன்னு.”

அவன் ஆயா அப்படி எதுவும் சொல்லியிருக்க முடியாது. அந்தச் சேதியை பஸ்ஸில், ஒரகடம் போகிற வழியில், இவள்தான் உண்டாக்கினாள். ஆனால் பீட்டர் பொய் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ‘நைனா, அது நான் எழுதினது.’ இவ்வளவுதான். நாக்கு வரை வந்தது. ஆனால் அவன் தட்டில் இருந்த கோழித் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்துவிட்டு, “படிக்காதவனுக்கும் ஒரு காலம் வருது பாரு” என்றான். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள், ஷிப்ட் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கல் அவ்வளவு கனம், யார் புரட்டப் போகிறார்கள் என்றும் நினைத்தாள்.

செந்தமிழன் மனுவில் கல்லைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டான். வி.ஏ.ஓ. நேரில் வந்தார். ஏரியில் தண்ணீர் இறங்கிய சமயம். காலனி மொத்தமும் கரையில் நின்றது, ஊர்க்காரர்களும் வந்து எதிர்ப்பக்கம் நின்றார்கள். ஷாரோன் லீவு போட்டிருந்தாள். புரட்டுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள்.

“இந்தக் கல்லப் பத்தித் தெரிஞ்சவங்க யாருங்க?” என்று வி.ஏ.ஓ. மரியாதையாகத்தான் கேட்டார்.

பீட்டர் முன்னால் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். “நான் சொல்றேன் சார். எங்க ஆயா சொல்லிக் கேட்டுக்கீறேன். எளுத்து கீது. இல்லன்னா நான் பீட்டர் இல்ல” என்றான்.

எதிர்ப்பக்கத்தில் டிராக்டர் வைத்திருக்கிற வெங்கடேசன், “அப்ப இன்னா, பொரட்டிடு” என்றான்.

கடப்பாரை போட்டார்கள். கல் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. ஷாரோனுக்குக் குரல் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பிறகு அவளே சொன்னாள், சொல்லும்போது தலையைத் தூக்கவில்லை. கல் எழும்பிய அந்த நேரத்தில் அவளும் எழுத்து இருக்கும் என்று நம்பினாளாம். தான் கட்டிய கதையென்று தெரிந்தவள், இருந்துவிடாதா என்று குனிந்து பார்த்தாளாம்.

கல் புரண்டு விழுந்தது. அடியில் சேறு. இரண்டு நண்டு ஓடின.

“மண்ணு ஒட்டிக்கினு கீது, இருங்க” என்று பீட்டர் உட்கார்ந்தான். தோளில் இருந்த துண்டை நனைத்துத் துடைத்தான். கல் வழவழவென்று வெறுமையாகத் தெரிந்தது. இன்னொரு பக்கம் துடைத்தான். விரலை வைத்துத் தடவினான். எழுத்துப் படிக்கத் தெரியாதவன், எழுத்தைத் தேடிக்கொண்டே இருந்தான். வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு.

“இன்னா பீட்டரு, ஆயா தொவைக்க சொல்ல தேஞ்சிப் போச்சா?” என்றான் வெங்கடேசன். எதிர்ப்பக்கம் சிரித்தது. இந்தப் பக்கத்திலும் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் ஷாரோனுக்கு வாய் திறந்தது.

“நைனா, எய்ந்திரு. அது கத. நான்தான் எளுதினேன். ஏரிக்கரையாள் நான்தான். அப்படி ஒண்ணும் இல்ல நைனா.”

எல்லாத் தலையும் திரும்பியது. பீட்டர் தலை மட்டும் திரும்பவில்லை. “இல்லம்மா, இங்க ஏதோ கீறல் கீது” என்று துடைத்துக்கொண்டே இருந்தான். வி.ஏ.ஓ. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு செருப்பை மாட்டினார். செந்தமிழன்தான் போய் பீட்டரைத் தோளைப் பிடித்துத் தூக்கினான்.

செந்தமிழன் அன்று ஷாரோனைத் திட்டவில்லை. அவன் சொன்னது திட்டைவிடக் கனம். “எளுதினது தப்பில்ல தங்கச்சி. படிக்க சொல்ல எனுக்கே அழுவ வந்துச்சி. ஆனா இனிமே நம்ம நெசமான மனு எட்த்துக்கினு போனாலும், இதுவும் கதையான்னு கேப்பான். அதுக்கு நான் இன்னா சொல்றது?”

அவள் அந்தக் கதையை ஆப்பிலிருந்து எடுத்தாள். எடுத்து என்ன? அது இன்னும் ஃபோன் ஃபோனாகப் போய்க்கொண்டிருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் அவளிடமே காட்டி, “படிச்சியா, உங்க ஊர்தானே?” என்றாள். அது கதை என்று ஷாரோன் சொன்னாள். அந்தப் பெண் நம்பவில்லை.

காலனியில் அவளைப் பேசினார்கள். அதை அவள் தாங்கிக்கொண்டாள். ஊரில் பீட்டருக்குக் ‘கல்வெட்டு’ என்று பேர் விழுந்தது. நடவுக்குக் கூப்பிடுகிறவன்கூட “கல்வெட்டு வருதா இன்னிக்கு?” என்பான். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருப்பாள். அவளால் தாங்க முடியாதது வேறு.

பீட்டர் அவளை விட்டுக்கொடுக்கவில்லை. டீக்கடையில் ஒருவன், “உம் பொண்ணு பொய் எளுதி உன்ன சேத்துல குந்த வெச்சிட்டாளே” என்றால், “எவன் சொன்னான் பொய்யின்னு? எம்பொண்ணு சரியாத்தான் எளுதிச்சி. எளுத்துதான் தேஞ்சிப்போச்சி. இன்னொரு கல்லு கீது, அது ஏரிக்குள்ள பூந்து கீது” என்பான். நாளுக்கு நாள் அந்த இன்னொரு கல் பெரிதாகிக்கொண்டே போனது. எந்தப் பக்கத்தில் கிடக்கிறது, எவ்வளவு நீளம் என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தான். கேட்கிறவர்கள் வேண்டுமென்றே கிளறினார்கள். தன் மகளைப் பொய்க்காரி என்று ஒருவன் சொல்லக் கூடாது என்பதற்காக, வாழ்நாளில் பொய் சொல்லாத மனிதன் தினம் ஒன்று சொன்னான்.

“அந்தாளு வாய நீதான் மூடணும். நான் சொன்னா கேக்கறதில்ல” என்றாள் திலகா மகளிடம்.

ஷாரோன் சொல்லிப் பார்த்தாள். “நைனா, கல்லுல ஒண்ணும் இல்லன்னு ஒரே ஒரு தபா சொல்லிடு. எம்மேல பழி வரட்டும்.”

“இன்னாத்துக்குப் பேஜார்? நீ போயி நாஷ்டா துன்னு” என்றான் பீட்டர்.

அவள் அந்த வீட்டில் நடமாடுகிற வரை அவன் நிறுத்த மாட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு இன்னும் ஒரு கல் தேவைப்பட்டது. கம்பெனி ஹாஸ்டலில் இடம் கேட்டாள், கிடைத்தது. காரணம் இவ்வளவுதான். எவனும் இல்லை.

போன அன்று காலை திலகா புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். இரண்டு சுடிதார், ஒரு போர்வை, பைபிள், ஃபோன் சார்ஜர் எல்லாவற்றையும் அவளே மடித்து வைத்தாள். பீட்டர் பையைத் தூக்கி வாசல் வரை கொண்டுவந்தான். பொழுது நன்றாக விடிந்து தெரு முழுக்க ஜனம்.

“யாருன்னா கேட்டா, கல்வெட்டு படிக்கிற ஆபீசுல உனுக்கு வேல கெடச்சிக்கீதுன்னு சொல்றேன் பாப்பா. மெட்ராஸ்ல. கவர்மென்டு” என்றான் மெல்ல. சொல்லும்போதே அவன் முகத்தில் அந்த வெளிச்சம் வந்துவிட்டது.

ஷாரோன் அவன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

“ஒண்ணும் சொல்லாத நைனா.”

“கேப்பாங்களே.”

“கேக்கட்டும். இன்னா வேணா பேசட்டும். நீ எனுக்காக ஒரு வார்த்தையும் கட்டாத. அது ஒண்ணுதான் உன்கிட்ட கேக்கறேன்.”

அவன் கால் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவன் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டுப் படி இறங்கினாள். எதிர்வீட்டு மங்கம்மா துடைப்பத்தோடு நிமிர்ந்தாள்.

“இன்னா பீட்டரு, பொண்ணு காலங்காத்தால பையும் கையுமா எங்க கெளம்பிடுச்சி?”

ஷாரோன் நடந்துகொண்டே இருந்தாள், திரும்பவில்லை. பீட்டர் வாயைத் திறந்தான். அப்புறம் மூடிக்கொண்டான்.